மறந்துபோன குறுக்குச்சொல்லைச் செயலி எப்படிக் கண்டுபிடிக்கும்?

கொழும்பு – கண்டி பஸ்ஸின் இலக்கம் 1. அது தெரியாதவரும் ஏறிவிடுகிறார். பலகையில் ஊர்ப்பெயரும் இருக்கிறதே! கணினியில் கோப்புகளையும் பக்கங்களையும் தேடித் திறக்க உதவும் ஆல்ஃபிரட் போன்ற செயலிகளில், ஒரு பக்கத்தைச் சட்டெனத் திறக்க நாம் வைக்கும் குறுக்குச்சொல்லும் அந்த இலக்கம் மாதிரித்தான். பேராதனைப் பல்கலைக்கழக நூலகப் பக்கத்துக்கு 'பேநூ' என்று வைத்தீர்கள், பிறகு மறந்துவிட்டால்? செயலி குறுக்குச்சொல்லை மட்டும் பார்த்தால் ஒன்றும் வராது. ஆகவே குறுக்குச்சொல், தலைப்பு, விளக்கம் மூன்றையும் முன்கூட்டியே ஒரே பட்டியலில் சேர்த்துவைக்க வேண்டும். 'நூல' என்று தட்டும்போதே பொருந்தாதவை எழுத்துக்கு எழுத்து உதிரும். மிஞ்சிய வரியின் ஓரத்தில் 'பேநூ' தெரியும்.

எல்லாமே தேடலில் வந்தால் திரை நெரிசலாகாதா? ஆகும், வரிசைப்படுத்தாவிட்டால். குறுக்குச்சொல் முழுதாகப் பொருந்தினால் முதலிடம்; தலைப்பின் தொடக்கம் பொருந்தினால் அடுத்தது, அவற்றுள்ளும் நீங்கள் அடிக்கடி திறப்பது மேலே; விளக்கத்தில் மட்டும் அகப்படுவது கடைசியில்.