இழுப்பதும் நிறுத்துவதும்

கனவுந்தின் பக்கவாட்டில் இரண்டு எடை அளவுகள் எழுதப்பட்டிருப்பதைக் கண்டிருப்பீர்கள். ஒன்று வெற்று எடை. அது பாரம் ஏற்றாத வண்டியின் எடை. மற்றொன்று உச்ச எடை. வண்டியும் பாரமும் சேர்ந்து அதனைத் தாண்டக்கூடாது. இரண்டிற்கும் உள்ள வேறுபாடே அவ்வண்டி சுமக்கத்தக்க பாரமாகும். வெற்று எடை 3,500 கிலோகிராம், உச்ச எடை 7,500 கிலோகிராம் எனில், 4,000 கிலோகிராம் வரை மட்டுமே ஏற்றலாம்.

டிரெய்லர் எனப்படும் இழுவை வண்டிக்கும் இத்தகைய வரம்பு உண்டு. அத்துடன், முன்வண்டி, இழுவை வண்டி, பாரம் ஆகிய மூன்றின் மொத்த எடையையும் கணக்கிட வேண்டும்.

இயந்திரம் இழுக்கிறதே என்று எண்ணிச் சிலர் இவ்வரம்பை மீறுகின்றனர். ஆனால், இழுக்கும் வலிமை வேறு. நிறுத்தும் வலிமை வேறு. ஒரே வேகத்தில் செல்லும் வண்டியின் எடை இருமடங்கானால், அதன் இயக்க ஆற்றலும் இருமடங்காகும். பிரேக் அவ்வாற்றலை வெப்பமாக மாற்றியே வண்டியை நிறுத்துகிறது. கேமரன் மலை போன்ற நீண்ட இறக்கங்களில் பிரேக்கைத் தொடர்ந்து அழுத்தினால், வெப்பம் மிகுந்து அதன் பிடிமானம் குறையும். அளவுக்கு மீறிய சுமையால் டயரும் சூடேறி வெடிக்கக்கூடும்.

பாரத்தை வைக்கும் இடமும் முக்கியமானது. இழுவை வண்டியின் பின்பகுதியில் பாரம் குவிந்தால், அது வால்போல் பக்கவாட்டில் ஆடி முன்வண்டியையும் நிலைகுலையச் செய்யும். ஆகவே, சிறிய இழுவை வண்டிகளில் கனமான பொருள்களைச் சக்கர அச்சுக்குச் சற்று முன்னே, தாழ்வாக வைத்து இறுகக் கட்ட வேண்டும்.

அதிகப் பாரம் சாலையையும் சிதைக்கிறது. 1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினோய் மாநிலத்தில் பெரிய அளவில் சாலைச் சோதனை ஒன்று நடைபெற்றது. அச்சின் மீதுள்ள சுமை இருமடங்கானால் சாலைக்கு ஏறத்தாழ 16 மடங்கு சேதம் ஏற்படும் என்பதை அதன் முடிவுகள் உணர்த்தின. அச்சேதத்தைச் சீரமைக்கும் செலவு பொதுமக்களின் வரிப்பணத்திலிருந்தே செல்கிறது.

மலேசியாவில் சாலைப் போக்குவரத்துத் துறை கனரக வாகனங்களை எடை போட்டு, வரம்பு மீறியவர்கள்மீது நடவடிக்கை எடுக்கிறது. 2025 மே 13இல் தெலுக் இந்தானில் கற்கள் ஏற்றிவந்த கனவுந்து மோதியதில் கலகத் தடுப்புக் காவலர் 9 பேர் உயிரிழந்தனர். அதன்பின், அதிகப் பாரம் ஏற்றும் வழக்கம் நாடு முழுவதும் கடுமையாகக் கண்டிக்கப்பட்டது.

இரண்டு நடையில் கொண்டு செல்ல வேண்டிய சரக்கை ஒரே நடையில் ஏற்றினால் எரிபொருளும் கூலியும் மிச்சமாகும். அந்த மிச்சத்துக்காக எதிரே வருபவரின் உயிரைப் பணயம் வைப்பது முறையன்று. இதில் ஓட்டுநருக்கு இருக்கும் பொறுப்பு, அவரை ஏற்றச் சொல்லும் முதலாளிக்கும் சரக்கின் உரிமையாளருக்கும் உண்டு.