கேணல் லாபீர்: மீட்கச் சென்றவரின் கதை

ஒலுவில் துறைமுகத்திலிருந்து இதே கடலோரமாக வடக்கே சென்றால், திருகோணமலைக்கும் அப்பால் முல்லைத்தீவு. 1996 ஜூலை 18 அதிகாலையில் அங்கிருந்த இராணுவ முகாமை விடுதலைப் புலிகள் தாக்கினர். முற்றுகைக்குள் சிக்கியோரை மீட்பதற்காக, முகாமுக்குத் தெற்கே அளம்பிலில் ஹெலிகொப்டர்கள் மூலம் விசேட படையணியினர் இறக்கப்பட்டனர். அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் லெப்டினன்ட் கேணல் பஸ்லி லாபீர் என்ற முஸ்லிம் அதிகாரி. காயமுற்ற பின்னரும் கட்டளைப் பொறுப்பைக் கைவிடாத அவர், மறுநாள் உயிரிழந்தார். முகாம் மீளவில்லை. ஆயிரத்துக்கும் அதிகமான படையினரும், புலிகள் தரப்பில் நூற்றுக்கணக்கானோரும் மாண்டனர். மரணத்தின் பின் லாபீருக்குக் கேணல் தரமும், அதியுயர் வீர விருதான பரம வீர விபூஷணவும் வழங்கப்பட்டன.

2019 உயிர்த்த ஞாயிறு தாக்குதலையடுத்து முஸ்லிம்களின் நாட்டுப்பற்று கேள்விக்குள்ளாக்கப்பட்டபோது, பலர் அவரது பெயரையே சான்றிதழாக நீட்டினர். அந்த ஆதங்கம் நமக்குப் புரிகிறது. ஆயினும் அவர் சென்றது சிக்கிய சிப்பாய்களை மீட்பதற்கே. தம் சமூகத்துக்கு நற்சான்று பெறுவதற்கு அல்ல. சாய்ந்தமருதில் பதுங்கியிருந்தோரைப் பற்றித் தகவல் கொடுத்த ஊர்மக்களும் அப்படித்தான்.

தமிழ் வாசகருக்கு அந்த ஜூலை வேறொன்றையும் நினைவூட்டும். முல்லைத்தீவு வீழ்ந்து சில நாட்களில் தொடங்கிய ‘சத்ஜய’ நடவடிக்கையால் கிளிநொச்சி மக்கள் பெருந்தொகையாக இடம்பெயர்ந்தனர். முல்லைத்தீவு முஸ்லிம்களோ 1990 ஒக்டோபரிலேயே புலிகளால் வெளியேற்றப்பட்டிருந்தனர்.