தூண்டிலும் துட்டும் – 7: ஆயிரம் டாலர் கோலும் ஒற்றை சென்ட் நாணயமும்

ஃப்ளை ஃபிஷிங் எனப்படும் பொய்ப்பூச்சித் தூண்டிலில் வீசப்படுவது இறகும் நூலும் கட்டிய பூச்சியன்று, அதை இழுத்துச் செல்லும் கனத்த நூலே என்பதும், ஆகவே வாங்குபவரின் முதல் பணம் நூலுக்கே போகவேண்டும் என்பதும் சென்ற வாரம் சொல்லி முடிந்தவை. தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு அவற்றை மீண்டும் விரிக்கத் தேவையில்லை. இந்த வாரத்துக்கு அறிவிக்கப்பட்டவை ரீலும் உத்தரவாதமும் ஆகும். ஆனால் கோலின் விலைக்கணக்கை முடிக்கும் தறுவாயில் ஓர் அளவை முறை குறுக்கிட்டுவிட்டது. அதை விட்டுவிட்டு ரீலுக்குப் போனால் கணக்கு பாதியில் நிற்கும்.

அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் 1856-இல் தொடங்கப்பட்ட ஆர்விஸ் நிறுவனம் வெளிநாட்டில் செய்வித்து விற்கும் கிளியர்வாட்டர் வகைக் கோல் முந்நூறு டாலருக்குள் கிடைக்கிறது. அதே நிறுவனம் தன் சொந்த ஊரான மான்செஸ்டரில் செய்யும் ஹீலியோஸ் வகையோ ஆயிரம் டாலர் அளவில் விற்கிறது. இரண்டும் கார்பன் இழையால் ஆனவை. இரண்டிலும் ‘9 அடி, 5-ஆம் எண்’ என்று பொறித்த கோல் உண்டு. எண் ஒன்றாகவும் விலை மூன்று நான்கு மடங்காகவும் இருக்கும்போது, அந்த எண் எதைக் குறிக்கிறது, அதைப் பொறிப்பவரைக் கட்டுப்படுத்தும் விதி ஏதேனும் உண்டா என்ற கேள்வி எழுவது இயல்பு.

நூலைப் பொறுத்தவரை விதி உண்டு. 1960-களின் தொடக்கத்தில் அமெரிக்கத் தூண்டில் கருவி உற்பத்தியாளர் சங்கம் வகுத்த அளவுப்படி, நுனித்துண்டு நீங்கலாக நூலின் முதல் 30 அடியின் எடையே அதன் எண்ணைத் தீர்மானிக்கிறது. 5-ஆம் எண் நூலுக்கு அந்த 30 அடி 140 கிரெயின் இருக்கவேண்டும். ஆறு கிரெயின் கூடவோ குறையவோ செய்யலாம். கிரெயின் என்பது துப்பாக்கி மருந்தையும் தோட்டாவையும் நிறுக்க இன்றும் வழங்கும் பழைய ஆங்கிலேய எடை. ஒரு கிரெயின் ஏறத்தாழ 0.0648 கிராம் என்பதால், 140 கிரெயின் என்பது 9 கிராமுக்குச் சற்றே கூடுதல்.

கோலுக்கு இத்தகைய விதி எதுவும் இல்லை. கோலில் பொறித்த 5 என்பது ‘இந்தக் கோலுக்கு 5-ஆம் எண் நூல் பொருந்தும்’ என்ற உற்பத்தியாளரின் கருத்து மட்டுமே. ஒருவர் 5 என்று விற்கும் விறைப்பை இன்னொருவர் 6 என்று விற்கலாம், யாரும் கேட்கமுடியாது. 1973 வாக்கில் ஃபென்விக் நிறுவனம் கார்பன் இழைக் கோலைச் சந்தைக்குக் கொண்டுவந்த பிறகு கோல்கள் ஆண்டுக்கு ஆண்டு விறைத்துக்கொண்டே வந்தன. எண் மட்டும் மாறவில்லை. விறைத்த கோலை வளைக்க 140 கிரெயின் போதாமற்போகவே, நூல் செய்பவர்கள் அரை எண், சில வகைகளில் ஒரு முழு எண் அளவுக்குக் கனத்தைக் கூட்டிவிட்டு, உறையில் பழைய எண்ணையே அச்சிடத் தொடங்கினர். விறைப்புக்காக ஆயிரம் டாலர் கொடுத்தவர், அந்த விறைப்பை அடக்கும் கனத்த நூலுக்காக மீண்டும் பணப்பையைத் திறக்கிறார்.

இந்தக் குழப்பத்தை அவிழ்க்க, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் வில்லியம் ஹன்னிமன் என்பவர் ஒரு முறையை அமெரிக்கக் கோல் செய்வோர் இதழில் வெளியிட்டார். ‘காமன் சென்ட்ஸ்’ என்று பெயர்பெற்ற அம்முறைக்கு ஆய்வகம் தேவையில்லை. கோலின் அடிப்பகுதியைக் கிடைமட்டமாக இறுக்கிவிட்டு, நுனி வளையத்தில் ஒரு காகிதக் கவ்வியை மாட்டி, அதில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பையைத் தொங்கவிட்டு, அமெரிக்க ஒரு சென்ட் நாணயங்களை, அதாவது பென்னிகளை, ஒவ்வொன்றாகப் பையில் இடவேண்டும். நுனி, கோலின் நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு தாழும்வரை நாணயங்கள் சேர்க்கப்படுகின்றன. 9 அடிக் கோலாயின் நுனி 3 அடி இறங்கவேண்டும். சில பத்து நாணயங்கள் விழுந்தபின் கோல் தயங்கித் தயங்கி வளைய, கடைசியில் ஒரே நாணயம் நுனியைக் குறித்த கோட்டுக்குக் கொண்டுவந்துவிடும். அந்த எண்ணிக்கையை அட்டவணையில் பார்த்தால், எந்த எண் நூலுக்கு அந்தக் கோல் உண்மையில் உரியது என்பது புலப்படும். அதே நிலையில் நுனிப்பகுதி கிடைமட்டத்திலிருந்து எத்தனை பாகை சாய்ந்திருக்கிறது என்று பார்த்தால், கோல் நுனியில் மட்டும் வளைவதா, கைப்பிடிவரை வளைவதா என்பதும் தெரிந்துவிடும். முன்னதைக் கடைக்காரர்கள் ‘ஃபாஸ்ட்’ என்றும் பின்னதை ‘ஸ்லோ’ என்றும் சொல்கின்றனர்.

பென்னியைத் தேர்ந்ததற்குக் காரணம் உண்டு. 1982 வரை பெரும்பகுதி செம்பாயிருந்து 3.11 கிராம் நிறுத்த அந்நாணயம், செம்பு விலை ஏறியதால், துத்தநாகத்தின்மேல் செம்பு பூசப்பட்டதாக மாறி 2.5 கிராமாகக் குறைந்தது; அன்றுமுதல் அந்த எடை மாறவேயில்லை. எனவே பழைய நாணயம் கலவாமல் பார்த்துக்கொண்டால், எல்லார் வீட்டிலும் ஒரே எடைக்கற்கள் கிடைத்துவிடுகின்றன. இந்திய ரூபாய் நாணயம் இதற்கு உதவாது. அதன் எடை வரிசைக்கு வரிசை மாறியிருப்பதால், தபால் தராசே மேல். நூலையும் இதே கல்லால் நிறுக்கலாம்: 5-ஆம் எண் நூலின் 30 அடி நான்கு பென்னிகளின் எடைகூட இல்லை. அந்த நான்கு காசு கனத்தைக் காற்றில் ஏவுவதற்குத்தான் ஆயிரம் டாலர் கேட்கப்படுகிறது.

இங்கு ஒரு கிளைச்செய்தி. 2024 நிதியாண்டில் ஒரு பென்னியை அச்சடிக்க அமெரிக்க அரசுக்கு 3.69 சென்ட் செலவாயிற்று. முகமதிப்பைப்போல் மூன்றரை மடங்குக்கும் மேல். இனி கட்டுப்படியாகாது என்று முடிவெடுக்கப்பட்டு, புழக்கத்துக்கான கடைசிப் பென்னி 2025 நவம்பர் 12 அன்று பிலடெல்பியா நாணயச்சாலையில் அச்சிடப்பட்டது. கொடுத்த விலைக்குப் பெறாத பொருள் என்று ஓர் அரசே கைகழுவிய நாணயம், பிற பொருள்களின் தகுதியை அளக்கும் கல்லாகத் தூண்டில்காரர்களின் மேசைமேல் இன்னும் இருக்கிறது.

ஆயினும் நாணயம் எல்லாவற்றையும் சொல்லிவிடாது. அது அசையாத கோலை அளக்கிறது. வீசும்போது கோல் அசைகிறது. சுத்தியலைத் தலைப்பக்கம் பிடித்துச் சுழற்றுவதற்கும் காம்பைப் பிடித்துச் சுழற்றுவதற்கும் உள்ள வேறுபாடுபோல, மொத்த எடை ஒன்றாயினும், நுனி கனத்த கோல் கையை விரைவில் களைக்கச் செய்கிறது. இதை ‘ஸ்விங் வெயிட்’, அதாவது சுழற்றும்போது உணரப்படும் கனம், என்பர். விலையுயர்ந்த கோல்களின் உண்மையான சாதனை இங்கேதான்: நுனி இலேசாகவும், வீச்சு முடிந்ததும் அதிர்வு விரைவில் அடங்குவதாகவும் இருப்பதால், 60, 70 அடிக்கு அப்பால் நாள் முழுதும் வீசுபவர் அதன் பயனைத் தோளில் உணர்கிறார். ட்ரவுட் மீனுக்காகச் சிற்றாறுகளில் 30 அடிக்குள் வீசுபவருக்கு அந்த வேறுபாடு பெரும்பாலும் எட்டுவதில்லை.

எஞ்சிய விலை வேறிடங்களில் கரைகிறது: அமெரிக்கக் கூலி, டைட்டானியம் வளையங்கள், ரீல் பொருத்துமிடத்தில் பதித்த அழகு மரம், துளையற்ற கார்க். மலிவான கைப்பிடியில் கார்க்கின் குழிகளைக் கார்க் தூளும் பசையும் கலந்து அடைத்திருப்பார்கள். நகத்தால் வருடினாலே அடைப்பு தட்டுப்படும், சில ஆண்டுகளில் உதிர்ந்தும் போகும். ஆனால் அதனால் கோலின் வீச்சு குறைவதில்லை. வரியும் விலையோடு சேர்ந்து ஏறுவதில்லை: மீன்வளப் பாதுகாப்புக்கென அமெரிக்க நடுவண் அரசு தூண்டில் கருவிகளுக்கு உற்பத்தியாளரிடம் விதிக்கும் 10 விழுக்காடு வரிக்கு, கோலைப் பொறுத்தவரை 10 டாலர் என்ற உச்சவரம்பு உண்டு.

ஆகவே கோலின் தகுதியை அறியும் முறை இவ்வளவே: கோலையும் நூலையும் ஒரே கல்லால் நிறுத்து, இரண்டும் ஒத்துப்போகின்றனவா என்று முதலில் பார்க்கவேண்டும், ஒத்துப்போகும் முந்நூறு டாலர் இணை, ஒத்துப்போகாத ஆயிரம் டாலர் இணையைவிட நன்றாக வீசும். அதற்குப் பிறகே இலேசான நுனிக்கு விலை பேசலாம்.

ஆர்விஸ் தரும் 25 ஆண்டு உத்தரவாதத்தில் வாங்குபவர் முன்கூட்டியே செலுத்திவிடும் பங்கு எது, மீனைவிடக் காரின் கதவே மிகுதியான கோல்களை முறிப்பது ஏன், ட்ரவுட் பிடிப்பவரின் ரீலுக்கு விலையேறிய பிரேக் தேவைதானா என்பவை அடுத்த வாரத்துக்குத் தள்ளப்படுகின்றன. நூலைச் சுற்றிவைப்பதைத் தவிரப் பெரிதாக வேலையில்லாத ரீலுக்கு வாங்குபவர்கள் கோலுக்கு நிகராகச் செலவிடுவது எதனால் என்பதிலிருந்து அந்தப் பகுதி தொடங்கும்.