ரிக் வண்டிக்கு முன்னால் நடப்பவர்கள்

மேற்கு ஆஸ்திரேலியாவின் பில்பரா பகுதியில் இரும்புத்தாது தேடித் துளை போட, ரிக் வண்டி போய் நின்றால் மட்டும் போதாது. அது ஏறிப்போகப் பாதை வேண்டும், நிற்கச் சமதரை வேண்டும். இரண்டையும் புல்டோசர்தான் செய்து கொடுக்கும். நிலத்தின் மேலேயே கிடக்கும் தொல்பொருள்களுக்குத் துளையைவிட இந்தப் புல்டோசரால் ஆபத்து அதிகம். அதனால் அது இறங்குவதற்கு முன்பே ஒரு சிறு குழு அந்த இடத்தை நடந்து பார்க்கிறது.

குழுவில் தொல்லியலாளர்கள் இருப்பார்கள். அந்த மண்ணுக்கு உரிய பழங்குடிப் பெரியவர்களும் கூட நடப்பார்கள். துளையிட உத்தேசித்த இடங்கள் கையிலுள்ள ஜிபிஎஸ் கருவியில் குறிக்கப்பட்டிருக்கும். ஆளுக்கு ஆள் சில மீட்டர் இடைவெளி விட்டு, நாற்று நடுபவர்களைப் போல வரிசை கட்டி, பார்வையைத் தரையிலேயே வைத்து நகர்வார்கள். ஸ்பினிபெக்ஸ் என்னும் முட்புல் அடர்ந்த இடத்தில் தரையே கண்ணுக்குப் படாது. ஓடை அரித்த கரைகளில் நிதானமாக நின்று தேடுவார்கள்.

பெரும்பாலும் கிடைப்பவை கற்செதில்கள். எங்கு பார்த்தாலும் உடைந்த கல்லாகவே கிடக்கும் ஊரில் மனிதன் உடைத்த கல்லை எப்படிக் கண்டுகொள்வது? கல்லால் கல்லை ஓங்கி அடித்துப் பெயர்த்த செதிலில், அடி விழுந்த முனை சிறு தட்டையாக இருக்கும். அதை ஒட்டி உட்புறத்தில் லேசான புடைப்பு. புடைப்பிலிருந்து அலை அலையாக வளையங்கள் கிளம்பும். விரலால் தடவினாலே தட்டுப்படும். பக்கத்தில் இன்னும் சில செதில்களும், அவை பெயர்ந்த மூலக்கல்லும் கிடந்தால், யாரோ உட்கார்ந்து கருவி செய்த இடம் அது. உடனே பொறுக்கிப் பையில் போட்டுவிடக் கூடாது. கிடந்த இடத்தைவிட்டு எடுத்த செதில் பாதித் தகவலை இழந்துவிடும். அளந்து, படம் பிடித்து, இடத்தைக் குறித்துக்கொண்டு அப்படியே விட்டுவிடுவார்கள்.

பெரியவர்கள் காட்டும் சில இடங்களில் செதில்கூட இருக்காது. ஒரு சுனையாக இருக்கலாம், ஒரு குன்றாக இருக்கலாம். காரணத்தை வெளியாருக்குச் சொல்ல அவர்கள் மரபு இடம் தராமலும் போகலாம். அதற்கென்றே ஒரு வகை ஆய்வு உண்டு: துளை போடலாம், கூடாது என்பது மட்டும் அறிக்கையில் இருக்கும், ஏன் என்பது இருக்காது. இதை அறிவியலுக்குக் குறைவு என்று நான் நினைக்கவில்லை. அந்த நிலத்தை மிக நீண்ட காலமாகப் படித்தவர்கள் அவர்கள்தான்.

தேடல் கட்டத்தில் ஒரு துளையைக் கொஞ்சம் தள்ளிப் போடுவது பெரும்பாலும் பெரிய சிரமமில்லை. சுரங்கக் குழியின் எல்லை முடிவாகி, பணமும் இறங்கிய பிறகு அப்படி நகர்த்துவது கடினம். பில்பராவில் சிக்கல் இன்னும் கூடுதல். தாது இருக்கும் அதே இரும்புப் பாறை முகடுகளில்தான் குகைகளும் உருவாகின்றன. ஆதிமனிதன் ஒதுங்கிய இடமும் கம்பெனிக்கு வேண்டிய இடமும் ஒன்றாகிவிடுகின்றன.

ஜூக்கான் பள்ளத்தாக்கில் நடந்தது அதுதான். அங்கிருந்த குகைகளைச் சேதப்படுத்த ரியோ டின்டோ நிறுவனத்துக்கு 2013-இல் அரசு அனுமதி கிடைத்தது. முழுமையான அகழாய்வு நடந்ததோ 2014-இல். சுமார் 7,000 பொருள்கள் வெளிவந்தன. அவற்றில் ஒன்று, கங்காரு எலும்பைத் தீட்டிச் செய்த 28,000 ஆண்டுப் பழமையான கூர்முனைக் கருவி. இன்னொன்று, ஏறத்தாழ 4,000 ஆண்டுக்கு முன் மனித முடியால் பின்னிய பின்னலின் துண்டு. அதன் மரபணு, இன்று அந்த நிலத்துக்கு உரிய புட்டு குந்தி குர்ராமா, பினிகுரா மக்களோடு பொருந்தியது. அங்கே மனிதர்கள் தங்கிய வரலாறு 46,000 ஆண்டுகள் பின்னோக்கிப் போனது. ஆனால் அன்றைய சட்டத்தில், கொடுத்த அனுமதியைப் புதிய சான்றுகளைக் காட்டி மறுபரிசீலனை செய்ய வழியில்லை. குழியை அமைக்க நான்கு திட்டங்கள் இருந்தன என்றும், மூன்றில் குகைகள் தப்பியிருக்கும் என்றும் பின்னால் நாடாளுமன்ற விசாரணையில் தெரிந்தது. கூடுதலாக 80 லட்சம் டன் தாது தரும் நான்காவதைத்தான் நிறுவனம் எடுத்தது. 2020 மே 24 அன்று வெடி வைத்தார்கள்.

அந்த ஆண்டே நிறுவனத்தின் தலைமை அதிகாரி பதவி விலக நேர்ந்தது. மேற்கு ஆஸ்திரேலியா 2021-இல் பழங்குடிப் பாரம்பரியத்தைக் காக்கப் புதுச் சட்டம் இயற்றியது. 2023 ஜூலையில் நடைமுறைக்கு வந்த அது, நிலவுடைமையாளர்களின் எதிர்ப்பால் அதே ஆண்டு நவம்பரில் கைவிடப்பட்டது. பழைய 1972-ஆம் ஆண்டுச் சட்டமே சில திருத்தங்களோடு திரும்பியது. அவற்றுள் ஒன்று: அனுமதி பெற்ற பிறகு ஓர் இடத்தைப் பற்றிப் புதிய தகவல் தெரியவந்தால், அதை அமைச்சரிடம் சொல்லியாக வேண்டும்.