வெள்ளைக்காரர் மெட்டில் அம்பிகை பாட்டு!

கோபாலபுரம் தெருக்களில் மாலையில் நடந்து பாருங்கள். ஏதாவது ஒரு வீட்டில் பிடில் பழகும் குழந்தை 'சியாமளே மீனாக்ஷி' வாசிப்பது காதில் விழலாம். "அட, இது 'ட்விங்கிள் ட்விங்கிள்' அல்லவா?" என்பீர்கள். பிரெஞ்சு நாட்டில் பிறந்து, இங்கிலீஷ் குழந்தைகளிடம் வந்த அதே மெட்டுதான். சாகித்தியமோ முத்துசுவாமி தீட்சிதருடையது!

கோட்டையில் கேட்ட பாண்டு

சுமார் 200 ஆண்டுகளுக்கு முந்திய கதை இது. தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு வடக்கே மணலியில் வசித்தது. ஆதரித்தவர் கம்பெனி துபாஷி வேங்கடகிருஷ்ண முதலியார். அவர் தீட்சிதர் சகோதரர்களை ஜார்ஜ் கோட்டைக்கு அழைத்துச் சென்றார். அங்கே கம்பெனிப் பாண்டு முழங்கியது.

தம்பி பாலுசுவாமி பிடில் கற்றார். அதைக் கர்நாடக இசைக்குக் கொண்டுவந்த முன்னோடிகளில் அவர் ஒருவர். அண்ணனோ வெள்ளைக்காரர் மெட்டுகளுக்குச் சமஸ்கிருதத்தில் பக்திப் பாடல் புனைந்தார். ஏறக்குறைய 40 பாடல்கள்! அவையே 'நோட்டு சுரங்கள்'.

எல்லாம் சங்கராபரண சுரங்கள். மேல்நாட்டு மேஜர் ஸ்கேலுக்கும் அவையே. கமகம் கிடையாது. அதனால் குழந்தைகளுக்கும் எளிது.

ராஜாவுக்கு அல்ல!

'சந்ததம் பாஹிமாம்' பாட்டின் மெட்டு என்ன தெரியுமா? இங்கிலீஷ் ராஜ கீதம்! அரசனை வாழ்த்திய மெட்டு, தீட்சிதரிடம் வந்து சியாமளாம்பிகையைத் துதித்தது.

1923-ல் இங்கிலாந்தில் வான் வில்லியம்ஸ் நாட்டுப் பாடல்களைக் கோத்து ராணுவ பாண்டுக்கு ஓர் இசைத் தொகுப்பு எழுதினார். மறு ஆண்டே கோர்டன் ஜேக்கப் அதை ஆர்க்கெஸ்ட்ராவுக்கு அமைத்தார். அங்கே பாட்டு பாண்டாயிற்று. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே இங்கே பாண்டு பாட்டாகிவிட்டது!

"இரவல் மெட்டுதானே?" என்று முகம் சுளிப்போர் உண்டு. ஆள வந்தவரின் பாட்டை நம் வீட்டுப் பூஜைக்குப் பழக்கியது சிறிய காரியமா? கோட்டையில் கொடி மாறிவிட்டது. மெட்டு மட்டும் நம் பிள்ளைகளின் வில்லில் இன்னும் ஒலிக்கிறது.