சிறு கீறலில் இடுப்பு மூட்டு மாற்று: கையெழுத்துப் போடுமுன் கேட்க வேண்டியவை

தாதர் ரயில் பாலத்தின் படிகளில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி இரண்டு காலையும் சேர்த்து வைத்து ஏறுகிறவர்களைக் காலை நேரத்தில் காணலாம். எல்லோரும் கிழவர்கள் அல்ல. நாற்பது வயதைத் தாண்டாதவர்களும் உண்டு. "மூட்டு வாயு" என்று தைலம் தேய்த்து ஆண்டுகளைக் கடத்திவிட்டு, கடைசியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் இடுப்பு மூட்டு தேய்ந்து போயிருக்கிறது.

இந்த வலி பெரும்பாலும் தொடைச் சந்தில் தொடங்கும். சிலருக்கு முழங்காலில் மட்டுமே தெரியும். ஆகவே முழங்காலுக்கே மருந்து போட்டு ஏமாறுகிறார்கள். நம் நாட்டில் இளவயதினருக்கு இது வர முக்கியக் காரணம், தொடை எலும்பின் தலைக்குச் செல்லும் ரத்த ஓட்டம் தடைப்பட்டு எலும்பு செத்துப் போவதே. அளவு மீறிய மதுவும், நீண்ட நாள் உட்கொள்ளும் ஸ்டீராய்டு மருந்தும் இதற்கு வழி வகுக்கின்றன. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் இது தெரியாமலும் போகலாம். எம்.ஆர்.ஐ. படத்தில் தெரிந்துவிடும்.

தறிச் சக்கரம் தந்த மூட்டு

இடுப்பு மூட்டு என்பது கிண்ணத்தில் பந்து உருளுவது போன்ற அமைப்பு. கெட்ட பந்தையும் கிண்ணத்தையும் எடுத்துவிட்டுச் செயற்கை மூட்டைப் பொருத்துவதே இந்த ஆபரேஷன். இங்கிலாந்தின் ரைட்டிங்டன் ஆஸ்பத்திரியில் டாக்டர் ஜான் சார்ன்லி இதற்கு வழி கண்டார். முதலில் அவர் பயன்படுத்திய டெஃப்லான் கிண்ணங்கள் சில ஆண்டுகளிலேயே தேய்ந்துவிட்டன. அந்தப் பொருள் உடம்பில் என்ன செய்கிறது என்றறிய, அதைத் தம் தொடையிலேயே வைத்துச் சோதித்தார். 1962-ல் லங்காஷயர் நெசவுத் தறிகளுக்குப் பல்சக்கரம் விற்கும் ஒருவர் மூலமாக ஒரு புதுவகை பிளாஸ்டிக் அவருடைய பட்டறைக்கு வந்தது. அதுதான் பாலிஎதிலீன். உலோகப் பந்து, பாலிஎதிலீன் கிண்ணம் என்ற அந்த ஏற்பாடு அதே ஆண்டு நோயாளிகளுக்குப் பொருத்தப்பட்டது. இன்றைய மூட்டுகள் பலவும் அதன் வாரிசுகளே.

சிறு கீறல் என்பது என்ன?

பழைய முறையில் இருபது, இருபத்தைந்து சென்டிமீட்டர் நீளத்துக்குத் தோலைக் கீறுவார்கள். புதிய முறையில் பத்து சென்டிமீட்டருக்குள் முடித்துவிடுகிறார்கள். தொடையின் முன்பக்கமாகச் செய்யும் முறையில் தசைகளை வெட்டாமல், அவற்றின் இடைவெளியில் விலக்கிக்கொண்டு மூட்டை அடைகிறார்கள். உள்ளே வைப்பது அதே மூட்டுதான்.

இதனால் நன்மை உண்டு. ஆரம்ப நாட்களில் வலி குறைவு. ஊன்றுகோலைச் சற்று முன்பே விடலாம். ஆனால் சில மாதம் கழித்துப் பார்த்தால், பெரிய கீறல்காரரும் சிறிய கீறல்காரரும் ஏறக்குறைய ஒன்றுபோலவே நடக்கிறார்கள் என்று ஒப்பீட்டு ஆய்வுகள் கூறுகின்றன. சிறு துவாரத்தில் டாக்டருக்குப் பார்வை குறைவு. அனுபவம் போதாவிட்டால் கிண்ணம் கோணலாக அமையலாம்; தொடை எலும்பு விரியலாம். முன்பக்க முறையில் தொடைத் தோல் மரத்துப் போவதும் உண்டு. உடல் மிகப் பருத்தவர்களுக்கும், எலும்பு கோணியவர்களுக்கும் இது பொருந்தாமல் போகலாம்.

ஆகவே "தழும்பு எவ்வளவு?" என்பதைவிட, "இந்த முறையில் நீங்கள் எத்தனை பேருக்குச் செய்திருக்கிறீர்கள்?" என்று டாக்டரிடம் கேட்பதே புத்திசாலித்தனம். அப்படிக் கேட்பது மரியாதைக் குறைவு அல்ல.

சீட்டைப் பத்திரப்படுத்துங்கள்

எந்தக் கம்பெனி மூட்டு, என்ன எண் என்பதும் முக்கியம். உலோகத்தோடு உலோகம் உரசும் ஏ.எஸ்.ஆர். என்ற மூட்டை டெப்யூ கம்பெனி 2010 ஆகஸ்டில் உலகெங்கும் திரும்பப் பெற்றது. உலோகத் துகள்கள் சதையைக் கெடுத்ததால் பலருக்கு மறு ஆபரேஷன் தேவைப்பட்டது. இந்தியாவில் சுமார் 4,700 ஆபரேஷன்களில் இது பொருத்தப்பட்டிருந்தும், பலரைத் தேடிப் பிடிக்கவே முடியவில்லை. மூட்டுப் பெட்டியின் ஒட்டுச்சீட்டு நகலைக் கேட்டு வாங்கி, ரேஷன் கார்டோடு வைத்துக்கொள்ள வேண்டும். முகவரி மாறினால் ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும்.

வீடு திரும்பிய பிறகு

பெரும்பாலோரை அன்றைக்கோ மறுநாளோ நடக்க வைத்துவிடுகிறார்கள். கஷ்டம் வீட்டில்தான் தொடங்குகிறது. குந்தி உட்காருவதும், சம்மணம் போடுவதும், தாழ்ந்த ஸ்டூலில் அமர்வதும் மூட்டை நழுவச் செய்யலாம். முன்பக்க முறையில் இந்த ஆபத்து குறைவு என்றாலும், டாக்டர் சொல்லும்வரை பொறுக்க வேண்டும். சால்களில் பொதுக் கழிப்பிடத்தை நம்பி வாழும் குடும்பத்துக்கு இது சிறிய விஷயமா? கமோடு நாற்காலி, உயரமான கட்டில், கைப்பிடிக் கம்பி ஆகியவற்றை ஆபரேஷனுக்கு முன்பே ஏற்பாடு செய்ய வேண்டும். உடனே ஊருக்குக் கிளம்பி ஒரு நாளுக்கு மேல் ரயிலில் உட்கார்ந்தால் காலில் ரத்தம் உறையலாம். டாக்டரைக் கேட்டே டிக்கெட் எடுக்க வேண்டும்.

செலவைக் கண்டு நகையை அடகு வைக்குமுன் ஈ.எஸ்.ஐ. கார்டு இருக்கிறதா என்று பார்க்கவும். 2018-ல் மத்திய அரசு தொடங்கிய ஆயுஷ்மான் பாரத் கார்டைப் பிற மாநிலங்களிலும் காட்டலாம். ஆனால் அந்த ஆஸ்பத்திரி திட்டத்தின் பட்டியலில் இருக்க வேண்டும்.

நல்ல முறையில் பொருத்திய மூட்டுகளில் பத்தில் ஆறு சுமார் 25 ஆண்டு தாங்கும் என்று 2019-ல் வெளிவந்த பெரிய ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நாற்பது வயதுக்காரருக்கு அது ரிட்டையர் ஆகும்வரை உழைக்கக்கூடும். வெளியே தெரியும் தழும்பு சில ஆண்டுகளில் மங்கிவிடும். உள்ளே வைத்ததுதான் கூடவே வரும்.