தினசரி ஆகாரத்தில் சர்க்கரையின் அளவு

கரும்பு பயிரிடும் குடியானவர்களிடம் சர்க்கரையைக் குறைத்து உண்ணுமாறு கூறுவது விந்தையாகத் தோன்றலாம். ஆனால், பயிருக்கு உரத்தை ஏக்கருக்கு இவ்வளவு என்று நிறுத்து இடும் நாம், நமது தேகத்தினுள் செல்லும் சர்க்கரையை நிறுத்துப் பார்ப்பதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து, 2023-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வின்படி, இந்நாட்டில் சுமார் 10 கோடி பேருக்கு நீரிழிவு நோய் உண்டு. கிராமங்களில் வயது வந்தோரில் நூற்றுக்கு சுமார் 9 பேர் இந்நோயால் பீடிக்கப்பட்டுள்ளனர். ஆகையால், இது பட்டணத்தாரின் வியாதி என்று நாம் வாளாவிருத்தல் கூடாது.

தக்க அளவு யாது? உலகச் சுகாதார ஸ்தாபனம் 2015-ஆம் ஆண்டில் இதை வரையறுத்தது. உணவினால் கிடைக்கும் மொத்த சக்தியில், சேர்க்கப்படும் சர்க்கரையின் பங்கு பத்தில் ஒன்றுக்குக் குறைவாய் இருத்தல் வேண்டும். இருபதில் ஒன்றுக்குக் குறைந்தால் இன்னும் நலம். நாளொன்றுக்கு 2,000 கலோரி உண்பவருக்கு முதலாவது 50 கிராம். இரண்டாவது 25 கிராம். 25 கிராம் என்பது தலைதட்டி அளந்த தேக்கரண்டியால் சுமார் ஆறு கரண்டி. வேளைக்கு இரண்டு கரண்டி வீதம் நான்கு வேளை தேநீர் அருந்துவோர் அதனாலேயே இவ்வளவைக் கடந்துவிடுகின்றனர்.

பலகாரம், பிஸ்கோத்து, தேன், பழரசம் ஆகியவற்றிலுள்ள சர்க்கரையும் இக்கணக்கில் சேரும். முழுப் பழத்திலும் பாலிலும் இயற்கையாக உள்ளது சேராது. ஒரு தம்ளர், அதாவது 200 மில்லி, முற்றிய கரும்பின் சாற்றிலேயே 25 கிராமுக்கு மேல் அடங்கியிருக்கும்.

வெல்லமும் கருப்பட்டியும் தீங்கற்றவை என்று பலர் கருதுகின்றனர். அவற்றில் தாதுப்பொருள்கள் சிறிதளவு உள்ளன என்பது மெய்யே. எனினும், அவற்றின் பெரும்பங்கு சர்க்கரையே. ஆதலின், வெள்ளைச் சர்க்கரைக்குப் பதிலாக வெல்லம் உபயோகிப்போரும் அளவைக் கைவிடலாகாது.

ஏர் பிடித்து, கவலை இறைத்த காலத்தில் உடலுழைப்பு அதிகம். உழவு இயந்திரமும் மின்சாரப் பம்பும் வந்தபின் அது குறைந்தது, இனிப்போ குறையவில்லை. செலவாகாத சர்க்கரை கொழுப்பாக மாறி உடலிலும் ஈரலிலும் தங்குகிறது. உடல் பருத்தவருக்கு நீரிழிவு எளிதில் பற்றும். பற்களும் சொத்தையாகும். உழைப்பாளிக்கு வேண்டிய சக்தியைக் கேழ்வரகு, கம்பு, பயறு வகைகள் சர்க்கரையினும் நன்றாய் அளிக்கும்.

குடும்பத் தலைவர்கள் பின்வரும் கணக்கை அனுசரிக்கலாம். வயது வந்தோர் நால்வர் உள்ள வீட்டிற்கு, தலைக்கு 25 கிராம் வீதம், மாதம் ஒன்றுக்கு 3 கிலோ ஆகும். சர்க்கரை, வெல்லம், கருப்பட்டி மூன்றும் கடைப் பலகாரங்களில் உள்ளதும் இதனுள் அடங்குதல் வேண்டும். தேநீரில் வாரந்தோறும் அரைக்கரண்டி குறைத்துவரின், நாக்கு சிறிது காலத்தில் பழகிவிடும். நீரிழிவுக்கு மருந்து உண்போர் வைத்தியரின் யோசனைப்படி நடத்தல் அவசியம்.

அங்ஙனமாயின் விளைந்த கரும்பு விலைபோகாதோ என்ற கவலை எழலாம். கரும்பு இந்நாளில் உணவுக்கு மட்டும் பயன்படுவதன்று. அதனின்றும் கிடைக்கும் எரிசாராயம் பெட்ரோலில் கலக்கப்படுகிறது. சக்கையினின்று மின்சாரமும் எடுக்கப்படுகிறது.

கிராம அதிகாரிகள் தங்கள் கூட்டங்களில் சர்பத்துக்குப் பதிலாக மோரும் இளநீரும் வழங்கி வழிகாட்டுவார்களாக. விற்பதற்கு விளைவித்த பொருளை அளவின்றி உண்டு, பெற்ற பணத்தை வைத்தியத்திற்குச் செலவிடுவது விவேகமாகாது.